ஜீப்பைக் கழுவுவோம், ஆற்றைக் காப்போம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மலையும் உண்டு. கடலும் உண்டு. கிழக்கே பொன்முடி மலை. மேற்கே அரபிக் கடல். கல்லாறு என்ற இடத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தோட்டங்களுக்குப் போகும் பாதைகள் கரடுமுரடானவை. மழைக் காலத்தில் எங்கும் சேறும் சகதியும்தான்.

இப்படிப்பட்ட பாதைகளுக்கு ஏற்ற வண்டி ஜீப். சில ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். பின் சக்கரம் சேற்றில் வழுக்கினால் முன் சக்கரம் இழுக்கும்.

ஆற்றங்கரையில்

ஆரியநாட்டில் ஓர் ஓட்டுநர் இருந்தார். தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். ஒரு நாள் மாலை, சேறு படிந்த ஜீப்பை கரமனை ஆற்றுக்குக் கொண்டுவந்தார். கரையில் நின்ற ஓர் அக்கா அவரைத் தடுத்தார்.

"தம்பி, வண்டியை ஆற்றில் இறக்காதே."

"ஏன் அக்கா? ஓடுகிற தண்ணீர்தானே! அழுக்கு போய்விடும்."

"போகும். எங்கே போகும்?"

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை.

"இந்த ஆறு அருவிக்கரைக்குப் போகிறது. அங்கேதான் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். உன் மகள் நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள்?"

ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

அக்கா சொன்னது உண்மை. 1933 முதல் அருவிக்கரையிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் போகிறது. அதற்கு மேலே பேப்பாறையில் 1983இல் அணை வந்தது. இரண்டும் கரமனை ஆற்றில்தான் உள்ளன.

வண்டியின் அடியில் எண்ணெயும் கிரீஸும் ஒட்டியிருக்கும். அவை ஆற்றில் கலந்தால் நீரின் மேல் படலமாகப் பரவும். காற்று நீரில் கலப்பது குறையும். மீன்களுக்குக் கேடு. தண்ணீரைச் சுத்தம் செய்வதும் கடினம். ஆற்றில் மாசுப் பொருளைக் கலக்கக் கூடாது என்று 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் சொல்கிறது.

எப்படிக் கழுவுவது?

ஆறு, குளம், கிணறு ஆகியவற்றுக்குத் தள்ளி, சரளைக் கல் பரப்பிய இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சின் ஆறட்டும். சூடான எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

முதலில் வண்டியின் அடிப்பகுதி. சக்கரத்தின் உட்புறம், மட்கார்டு, ஸ்பிரிங் பட்டை ஆகிய இடங்களில் சேறு அடைந்திருக்கும். அதை மரக்குச்சியால் தட்டி எடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேயுங்கள். ஈரச் சேறு தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும்.

அடுத்தது மேல்பகுதி. மண்ணைத் தண்ணீரால் நனைத்து இறக்கிய பிறகே துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த மண்ணைத் துடைத்தால் வண்ணப் பூச்சில் கீறல் விழும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். டீசலால் கழுவாதீர்கள். ரப்பர் பாகங்கள் கெடும்.

பேட்டரி, டைனமோ, மின்கம்பி இணைப்புகள் மீது தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த நீர் அவற்றின் வழியாக வடியும். துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்தி விடுங்கள். கால் மிதியை வெளியே எடுத்துக் காய வையுங்கள்.

சங்குமுகம், விழிஞ்ஞம் போன்ற கடற்கரைகளுக்குப் போய் வந்தால், அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். உப்பு இரும்பை விரைவில் அரிக்கும்.

கழுவி முடித்ததும் பிரேக் நனைந்திருக்கும். நனைந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்த பிறகே மலையேறுங்கள். வண்டியில் இருக்கும் அத்தனை பேர் உயிரும் அந்தப் பிரேக்கை நம்பியிருக்கிறது.

காலில் புண் இருந்தால்

சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதிலுள்ள கிருமி புண் வழியாக உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் வரும். 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பலருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. ஆகவே ரப்பர் காலணி அணிந்து கழுவுங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றினால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் வருகிறது. 20 நிமிடம் திறந்து விட்டால் 200 லிட்டர் செலவாகும். 15 லிட்டர் வாளியில் 6 வாளி நீரால் கழுவினால் 90 லிட்டர்தான். மிச்சம் எவ்வளவு?

பதில் சொல்லுங்கள்

1. ஆற்றில் வண்டி கழுவினால் யாருக்குத் தீங்கு?
2. முதலில் எந்தப் பகுதியைக் கழுவ வேண்டும்? ஏன்?
3. கழுவிய பிறகு பிரேக்கை ஏன் சோதிக்க வேண்டும்?
4. உங்கள் ஊர்க் குடிநீர் எங்கிருந்து வருகிறது? விசாரித்து எழுதுங்கள்.