பின்னூட்டமும் பெருக்கியும்

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூரில் திருவிழாப் பந்தலருகே நின்றோர், ஒலிபெருக்கி செவியைத் துளைக்குமாறு ஊளையிடுவதைக் கேட்டிருப்பர். குழாயினின்று வெளிவந்த ஓசையே ஒலிவாங்கியினுட் புகுந்து, மீண்டும் மீண்டும் பெருகி, ஊளையாகின்றது. இது நேர்ப் பின்னூட்டம். இதனைக் கொண்டு, பின்னூட்டமென்றாலே கேடென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது தவறு.

வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்க்குறியுடன் உள்ளே திருப்பின் விளைவு வேறாம். தொலைபேசிப் பெருக்கிகளின் ஒலித்திரிபை நீக்க முயன்ற ஹரால்டு பிளாக் என்பாருக்கு, 1927 ஆகஸ்டு 2ஆம் நாள், நியூயார்க்குக்குப் படகிற் செல்லுகையில் இக்கருத்து உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதைக் குறித்துக்கொண்டார். பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பதைப் பலர் நம்பவில்லை. காப்புரிமை கிடைத்ததோ 1937இல்!

நம் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் 741 என்னும் செயற்பாட்டுப் பெருக்கியை நோக்குவோம். 1968இல் வெளிவந்த இதன் தனிப்பெருக்கம் ஏறத்தாழ 2,00,000. இதனைத் தனியே விட்டால், உள்ளீட்டில் 1 மில்லிவோல்ட் வேறுபாடு 200 வோல்ட்டாக வேண்டும். மின்வழங்கியோ 15 வோல்ட்டே. ஆகவே வெளியீடு ஓர் எல்லையில் முட்டி நின்றுவிடும். பின்னூட்டக் கம்பி கழன்ற பலகையின்முன் அமர்ந்து, சில்லு கெட்டதென்று பழித்த நாட்கள் நமக்கும் உண்டு.

இனி, எதிர் உள்ளீட்டுக்கு முன்னே 1 கிலோஓம் தடையும், வெளியீட்டினின்று அவ்வுள்ளீட்டுக்கே 10 கிலோஓம் தடையும் இணைப்போம். பெருக்கம் எதிர்க்குறியுடன் 10 ஆகும். வெப்பத்தாலோ முதுமையாலோ தனிப்பெருக்கம் பாதியாயினும், இந்தப் பத்து ஏறக்குறைய 18,000இல் ஒரு பங்கே மாறும். அதாவது, சுற்றின் குணத்தை அமைப்பவை அவ்விரு தடைகளேயன்றிச் சில்லன்று. அதிர்வெண் வீச்சும் விரிகின்றது: தனியே 5 ஹெர்ட்சளவிலேயே தளரத் தொடங்குவது, இப்பொழுது 90 கிலோஹெர்ட்சளவும் தாங்கும்.

பின்னூட்டத் தடைக்கு மாற்றாக டையோடை வைப்பின் மடக்கை கிடைக்கும். மின்தேக்கியை வைப்பின் தொகையீடு கிடைக்கும். பின்னதில்தான் மாணவர் இடறுகின்றனர். உள்ளீட்டுத் தடை 10 கிலோஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோபாரட் எனக் கொள்வோம். சில்லின் உட்பிழை 1 மில்லிவோல்ட்டாயின், உள்ளீட்டை நிலத்தோடு இணைத்தபோதும், அப்பிழையால் மட்டுமே வெளியீடு வினாடிக்கு 1 வோல்ட் நகர்ந்து, கால்நிமிடத்திற்குள் எல்லையை முட்டும். நேர்மின்னோட்டத்திற்கு மின்தேக்கி வழிவிடாமையே காரணம். அதற்கு இணையாக 1 மெகாஓம் தடையை வைத்தால், அவ்வுட்பிழை வெளியீட்டில் 0.1 வோல்ட்டளவில் அடங்கும். ஆயினும் 1.6 ஹெர்ட்சுக்குக் கீழே அச்சுற்று தொகையிடாது. வெறும் பெருக்கியாகவே நடக்கும்.