பலகை மேல் ஒரு சிறுவீடு

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. மார்கழி மாதம் வாசல் கோலத்தின் நடுவில் சாணம் பிடித்து வைத்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அந்தச் சாணத்தையும் பூவையும் சேர்த்துத் தட்டிக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். தை பிறந்த பிறகு ஒருநாள், முற்றத்தில் களிமண்ணால் குட்டையாகச் சுவர் எழுப்பி ஒரு சின்ன வீடு கட்டி, அங்கே பெண்பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். பொங்கலில் கொஞ்சமும் காயவைத்த பூத்தட்டுகளும் ஆற்றோடு போகும். கும்மியும் உண்டு.

இதற்கு ஒரு முற்றம் வேண்டும், ஒரு ஆறு வேண்டும். தோல் பதனிடும் வேலைக்கு நெல்லைச் சீமையிலிருந்து மும்பைத் தாராவிக்கு வந்தவர்கள் பொங்கலைக் கொண்டுவந்துவிட்டார்கள். தை முதல் நாள் தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கும் காட்சி இன்றும் உண்டு. முற்றத்தை யாரால் கொண்டுவர முடியும்? ஆறு என்று பார்த்தால் தாராவியை ஒட்டியே மித்தி ஓடுகிறது. அந்த அழுக்குத் தண்ணீரில் பொங்கலை விட யாருக்கும் மனசு வராது.

ஆனாலும் ஒரு பலகையும் ஒரு வாளியும் இருந்தால் இந்த வேலை நடக்கும். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள மகள் வீட்டில் இருந்தால், கைபேசியை விட்டு அவளை ஒரு வாரம் நகர்த்தி வைக்க எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

நாள் பார்ப்பது

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நாள் மாறுவதால் நமக்கு வசதிதான். தை முதல் நாளே வேண்டாம். அன்று பெரியவர்களுக்குக் கை ஓயாது. மும்பையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி 26. தை மாதத்துக்குள் கட்டாயம் வரும், விடுமுறை உறுதி. பள்ளியில் கொடியேற்றம் முடிந்து பிள்ளை வந்ததும் பொங்கல் வைக்கலாம். அதிலிருந்து பின்னால் எண்ணுங்கள்: பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சுவர், நடுவில் காய நாலைந்து நாள், கடைசி இரண்டு நாள் வண்ணம்.

பலகையும் அளவும்

பழைய பிளைவுட் துண்டு போதும். 18க்கு 20 அங்குலம் என்று வெட்டிக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளலாம், பரணில் ஏற்றலாம், ஒற்றை அறை வீட்டில் இரவு படுக்கும்போது பெட்டி மேல் தூக்கி வைக்கலாம்.

இந்த அளவுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்தால், இந்தப் பலகை 360 சதுர அடி வீடு. தாராவி மறுசீரமைப்பில் தகுதி உள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி என்று அறிவித்திருக்கிறார்களே, ஏறக்குறைய அதே அளவு. டீக்கடையில் பெரியவர்கள் அந்த 350 அடியில் என்ன அடங்கும் என்று சண்டை போடட்டும். உங்கள் மகள் கையில் ஸ்கேலைக் கொடுத்தால் அவள் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவாள்.

முதலில் செய்தித்தாளில் அவளே படம் போடட்டும். வாசல் எங்கே, அடுக்களை எங்கே, யார் எங்கே படுப்பது. இங்கே பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. திறக்காமல் இருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆச்சி, "எட்டி, அடுக்களைய அக்கினி மூலையில வையி" என்றதும், "ஆச்சி, அங்க என் ரூம் இருக்கு" என்று பதில் வந்தது. ஆச்சிக்கு வாஸ்து தெரியும்தான். ஆனால் வீடு பேத்தியுடையது. ஒன்றை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்: எந்த அறையும் நாலு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். குறைந்தால் சுவரை ஒட்டும்போது அவள் கை உள்ளே போகாது, அழுகைதான் வரும்.

மண்

90 அடி ரோட்டிலிருந்து கும்பார்வாடாவுக்குள் திரும்பினால் மண்ணுக்குப் பஞ்சமில்லை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே பானையும் அகலும் செய்கிறார்கள். பிசைந்து பதமாக்கிய மண்ணையே கேளுங்கள். "சிக்னி மிட்டி" என்றால் புரியும். மகளையும் கூட்டிப் போங்கள், சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மண்ணைத் தொட யோசிக்காது. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் போனால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஜனவரியில் அந்த நெரிசல் இருக்காது.

எவ்வளவு மண்? மூன்று அங்குல உயரம், அரை அங்குல கனம் என்று சுவர் வைத்தால், வெளிச்சுவரும் இரண்டு மூன்று குறுக்குச் சுவரும் சேர்த்து ஆறு ஏழு கிலோ ஆகும். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருந்துகொண்டு தாராவி வரை வர முடியாதவர்கள் கணபதி சமயத்தில் கடைகளில் விற்கும் ஷாடு மண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது நைசாக இருக்கும், பொம்மைக்கு நல்லது, சுவருக்குக் கொஞ்சம் வலு போதாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டு இறுகும்போது அது சூடாகும்; பிள்ளை கையை அதற்குள் வைத்திருந்தால் வெந்துபோகும்.

மண்ணில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சலித்த மணலும், பொடியாக நறுக்கிய தேங்காய் நாரும் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும், நார் விரிசலைப் பிடித்து நிறுத்தும். மிதித்துப் பிசைவதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். ஒரு பழைய பாலித்தீன் விரிப்பு, குளிக்கும் இடத்தில். கீழ்வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றால் கொஞ்சம் முறுக்கு கொடுத்துச் சமாளியுங்கள்.

சுவர் எழுப்புவது

இங்கேதான் பெரும்பாலான சிறுவீடுகள் இடிந்துபோகின்றன. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

பலகை மேல் நேரடியாக மண்ணை ஒட்டாதீர்கள். களிமண் காயும்போது சுருங்கும். அடியில் பலகையோடு ஒட்டிக்கொண்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளக்கும். இரண்டு தாள் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் மெல்லிதாக மணல் தூவுங்கள். சுவர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு தன்போக்கில் சுருங்கும்.

அடுத்து, அரை அங்குல கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை இணையாக வைத்து நடுவில் மண்ணை வையுங்கள். சப்பாத்திக் கட்டையைச் சட்டத்தின் மேல் ஓடவிட்டு உருட்டினால் ஒரே கனத்தில் பாளம் வரும். இதைப் பிள்ளை அருமையாகச் செய்யும். பாளத்தை மூன்று அங்குல அகலப் பட்டைகளாக நூலால் அறுங்கள். கத்தி வேண்டாம், நூல்தான் சுத்தமாக அறுக்கும், ஆபத்தும் இல்லை. வாசலையும் ஜன்னலையும் பட்டை படுத்திருக்கும்போதே வெட்டிவிட வேண்டும்.

வெட்டியவுடன் நிமிர்த்தினால் சுவர் குழைந்து சாயும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். தூக்கினால் வளையாமல், நகம் வைத்தால் தடம் விழுகிற பதம் வரும். அப்போது நிமிர்த்துங்கள்.

மூலையில் ஒட்டும்போது பெரியவர் கை அவசியம். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தயிர்ப் பதத்தில் கரைத்த அதே மண்ணைப் பூசி, அழுத்திக் கொஞ்சம் ஆட்டி ஒட்டுங்கள். உள்மூலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் திரியை வைத்து விரலால் தேய்த்துவிடுங்கள். கீறாமல் தண்ணீர் தொட்டு ஒட்டினால் அன்று நிற்கும், நாலாம் நாள் தனித்தனியாக வந்துவிடும்.

கூரை வேண்டாம். மேலேயிருந்து பார்த்து விளையாடத்தான் இந்த வீடு. திண்ணை, அடுப்பு, அம்மி, உரல் எல்லாம் மிச்ச மண்ணில் அவள் பிடிக்கட்டும். அடுப்பு என்று சொல்லி மூன்று உருண்டையை வைத்தாலும் அடுப்புதான். வாஷிங் மெஷின் வைத்தாலும் தடுக்காதீர்கள்.

அண்ணனோ தம்பியோ இருந்தால் தண்ணீர் சுமக்கவும் மண் மிதிக்கவும் வரட்டும். வழக்கத்தில் இது பெண்பிள்ளைகள் வேலை. அதை வீட்டில் ஒரு நாளாவது அப்படியே காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவரை எங்கே வைப்பது என்ற முடிவு மட்டும் அவளிடம் இருக்கட்டும்.

காயவைப்பது

மும்பையில் ஜனவரிக் காற்று வறண்டது. மழைக்காலத்தில் துணியே காயாத ஊரில் இந்த மாதம் மண் சீக்கிரம் காய்ந்துவிடும், அதுதான் தொல்லை. மேல்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, அடி ஈரமாக இருக்க, நடுவில் வெடிக்கும். முதல் நாள் முழுக்க நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைச் சுவர் மேல் போர்த்தி வையுங்கள். இரண்டாம் நாள் துணியை எடுத்துவிட்டு மேலே செய்தித்தாள். மூன்றாம் நாள் திறந்து விடலாம். வெயிலும் வேண்டாம், மின்விசிறிக்குக் கீழேயும் வேண்டாம். விரிசல் வந்தால், ஈரம் இருக்கும்போதே விரலால் அழுத்தித் தேயுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு வந்த விரிசலில் ஈரமண்ணை அடைத்தால் அதுவும் சுருங்கி மறுபடி விடும். காய்ந்த மண்தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள்.

வண்ணம்

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். காவியும் அரிசிமாவும் போதும். காவி மும்பையில் எங்கும் "கேரு" என்று கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசி, உலர்ந்ததும் அரைத்த பச்சரிசி மாவில் தீக்குச்சி தொட்டுக் கோலம் இழுக்கலாம்.

மகாராஷ்டிரப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கோலத்துக்குப் பதில் முக்கோண உடம்பு வைத்த மனிதர்களை வரைய ஆரம்பிக்கலாம். வார்லி. மும்பைக்கு வடக்கே பால்கர் பக்கத்துப் பழங்குடிகள் மண்சுவரில் அரிசிமாவால் வரைவது. காவிச் சுவர், அரிசிமாவு, பெண்கள் கை: நம் வாசலுக்கும் அவர்கள் சுவருக்கும் பொருள் ஒன்றுதான். எனக்கு அந்தச் சுவர்கள் நம் கோலத்தைவிடப் பிடித்துப்போயின.

பூத்தட்டும் பாத்திரமும்

மார்கழியிலேயே தொடங்கினால் நல்லது. பசுஞ்சாணம் கிடைத்தால் சரி. சில கோயில் வாசல்களில் பசுவோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் களிமண் உருண்டை. பூசணிப்பூவுக்குப் பதில் கேந்திப்பூ. தாதர் பூச்சந்தையில் கொட்டிக் கிடக்கும். ஞாயிறுதோறும் ஒரு தட்டு என்றால்கூட நாலு சேர்ந்துவிடும்.

சிறுவீட்டுப் பாத்திரத்துக்கு அலைய வேண்டாம். அக்கம்பக்கத்து மராத்திப் பெண்கள் மகர சங்கராந்திக்குச் சின்ன மண்கலயங்கள் வாங்கி, கரும்பு, கேரட், இலந்தை எல்லாம் போட்டுப் பூசை செய்வார்கள். "சுகட்" என்பார்கள். ஜனவரி முதல் வாரத்திலிருந்தே சந்தைகளில் குவிந்திருக்கும். சிறுவீட்டு அடுக்களைக்கு அதே அளவு, அதே வடிவம். ஆனால் அவை அலங்காரத்துக்கு மட்டும். வண்ணம் பூசிய கலயத்தில் சமைக்கக் கூடாது.

அந்த வீட்டுச் சிறுமிகளையும் கூப்பிடுங்கள். சங்கராந்தியிலிருந்து ரத சப்தமி வரை அவர்கள் வீடுகளில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும் நாட்கள். உங்கள் மகள் எள்ளுருண்டை வாங்கி வந்த வீடுகளுக்குத் திருப்பிச் செய்ய இது நல்ல சாக்கு.

பொங்கல்

சிறுவீட்டு அடுப்பில் தீ மூட்டாதீர்கள். நெருக்கமான சந்தில், மரத்தட்டி ஏணிகளுக்கு நடுவில், அது விளையாட்டில்லை. தீ பெரியவர் கையில், காஸ் அடுப்பில், சின்ன வெண்கலச் செம்பிலோ ஸ்டீல் பாத்திரத்திலோ. மண்சட்டியில்தான் வேண்டும் என்றால், வண்ணம் பூசாத சமையல் சட்டியாக வாங்கி ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி களைந்த தண்ணீரை அதில் கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகு பயன்படுத்துங்கள். அடுப்பைக் குறைத்தே வையுங்கள்.

அளவு அவளுக்குக் கரண்டிக் கணக்கில் இருக்கட்டும். பச்சரிசி நாலு கரண்டி, பாசிப்பருப்பு ஒரு கரண்டி, தண்ணீரும் பாலும் சேர்த்து முப்பது கரண்டி. குழைந்ததும் வெல்லம் ஆறு கரண்டி. அரிசி களைவது, எண்ணிப் போடுவது, வெல்லம் தட்டுவது அவள் வேலை. பொங்கி வழியும்போது குலவை போடுவதும் அவளும் அவள் கூட்டமும்தான். ஆறியதும் சின்னக் கிண்ணங்களில் எடுத்துச் சிறுவீட்டு அடுக்களையில் வைத்து, கும்மி தெரிந்த ஆச்சி யாராவது இருந்தால் பிடித்து இழுத்து வாருங்கள்.

கரைப்பது

ஆற்றுக்குப் பதில் ஒரு வாளித் தண்ணீர். பூத்தட்டுகளையும் ஒரு வாய்ப் பொங்கலையும் அதில் விடட்டும். ஊறிய தண்ணீர் துளசித்தொட்டிக்கு. சாணமும் பூவும் அதற்கு உரம்.

வீட்டை உடனே உடைக்காதீர்கள். ஒரு வாரமோ ஒரு மாதமோ, அவளுக்குப் போதும் வரை விளையாடட்டும். போதும் என்றதும் சுவரை முழுக்கக் காயவிட்டு, நொறுக்கி, வாளியில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றுங்கள். சுடாத மண் நன்றாகக் காய்ந்திருந்தால் சீக்கிரம் கரையும். பாதி ஈரமாக இருந்தால் கட்டியாகவே கிடக்கும். மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியானதும் மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். அரிசிமாவு கலந்திருப்பதால் கொஞ்சம் நாறும், பயப்பட வேண்டாம். அடுத்த தைக்குக் கும்பார்வாடாவில் ஒன்றிரண்டு கிலோ புதுமண் வாங்கிக் கலந்தால் போதும்.