தானே வருவிக்கப்படும் ஒப்பீடும் மறைத்துவைத்த அமைப்பும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை செல்லும் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் அமைக்கப்பெற்றதாகும். பலமும் துலாமும் வழங்கிய அக்கடைகளில், 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பின்னர், கிராமும் கிலோகிராமும் படிப்படியாக இடம்பெற்றன. படிக்கற்கள் மாறின, தராசிடம் கேட்கப்படும் வினாக்கள் மாறவில்லை. இவ்விரண்டும் சமமா, எது மிகுந்தது என்பனவே அவை.

உள்ளமைப்பை மறைத்து, அனுமதிக்கப்பட்ட செயல்களால் மட்டுமே அணுகத்தக்கதாக வைக்கப்படும் பொருளைக் கணினியியலார் ‘கருத்தியல் தரவு வகை’ என்பர். பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஸில்ஸும் 1974-இல் இக்கருத்தைத் தெளிவுற வகுத்துரைத்தனர். எடை அத்தகையதொரு வகையாகும்.

சார்பு நிரலாக்க மொழியாகிய ஹாஸ்கலில், சமன் பார்த்தல், வரிசைப்படுத்தல், எழுத்தாக்கிக் காட்டல் போன்ற பொதுச் செயல்கள் ‘வகை வகுப்பு’ என்னும் தொகுதிகளாக வைக்கப்பட்டுள்ளன. இம்முறையை வாட்லரும் பிளாட்டும் 1989-இல் வெளியிட்டனர். ஹாஸ்கலின் முதல் வரையறை 1990-இல் வந்தது. ஒரு வகை ஒரு வகுப்பில் சேரவேண்டுமாயின், அச்செயல்கள் அவ்வகைக்கு எங்ஙனம் நிகழும் என்பதைக் கூறும் ‘நிகழ்வுரு’ ஒன்று வேண்டும். இதனை ஒவ்வொரு வகைக்கும் கையால் எழுதுதல் சலிப்பூட்டும் வேலை. ஆகவே ‘டெரைவிங்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால், தொகுப்பியே நிகழ்வுருவை வருவித்துக்கொள்கிறது.

தொகுப்பி அறிந்தது உள்ளமைப்பு ஒன்றே என்பதை இங்கு மறத்தலாகாது. அது உறுப்புகளை அறிவித்த வரிசையில், இடமிருந்து வலமாக ஒப்பிடும், பொருளை அறியாது.

எடையைக் கிலோ, கிராம் என்னும் இரண்டு எண்களாக வைத்ததாகக் கொள்வோம். ஒரு மிளகு மூட்டை 1 கிலோ 500 கிராம். மற்றொன்று 0 கிலோ 1500 கிராம் எனப் பதிவாயிற்று. தராசு நேர்நிற்கும். வருவிக்கப்பட்ட ஒப்பீடோ, 1-உம் 0-உம் வேறாதலின், இவை சமமல்ல என்று கூறிவிடும். வரிசைப்படுத்தலில் கேடு இன்னும் மிகுதி. 0 கிலோ 1500 கிராமையும் 1 கிலோ 200 கிராமையும் கொடுத்தால், முன்னதே சிறிது என விடை வரும். உண்மையில் அது 300 கிராம் மிகுதி. கிராமை முதலிலும் கிலோவைப் பின்னரும் அறிவித்தாலோ, 1 கிலோ 900 கிராம் 5 கிலோ 100 கிராமைவிடப் பெரிதாகும். எவ்விடத்தும் பிழைச்செய்தி தோன்றாது. பட்டியல் மட்டும் பிழையாக அச்சாகும். கற்பிக்கும் ஆசிரியர், விதியைக் கூறுமுன் இக்கணக்குகளை மாணவர் கையிற் கொடுத்தல் நன்று.

இதற்கு மாற்று, ஒரு பொருளுக்கு ஓர் உருவமே இருக்கச் செய்தலாகும். எடையை ஆக்கும் வழியை நிரற்கூற்றுக்குள் மறைத்து, எவர் என்ன கொடுப்பினும் கிராம் எண் 0 முதல் 999 வரை அமையுமாறு திருத்தித் தரும் சார்பை மட்டும் வெளியே விட்டால், கிலோ முதலில் நிற்கும்வரை வருவித்த ஒப்பீடு முற்றிலும் சரியாகும். எல்லாவற்றையும் ஒரே கிராம் எண்ணாகவும் வைக்கலாம். ஆனால் எண்ணுக்குரிய கணித வகுப்பையும் அப்படியே வருவித்தால், எடையை எடையால் பெருக்கும் வீண்செயலும் உடன்வரும்.

ஓருருவம் அமையாத இடங்களும் உண்டு. ஹாஸ்கல் நூலகத்தின் கணவகை, சமநிலை மரமாக வைக்கப்படுகிறது. ஒரே உறுப்புகள் சேர்க்கப்பட்ட வரிசைக்கேற்ப, மரத்தின் வடிவம் வேறுபடலாம். ஆதலின் அதன் ஆசிரியர்கள் சமன்பாட்டை வருவிக்காது கையால் எழுதினர்: முதலில் உறுப்பெண்ணிக்கை, பின்னர் ஏறுவரிசைப் பட்டியல். காட்டும்போதும் மரத்தை வெளியிடாது, பட்டியலிலிருந்து ஆக்கப்பட்ட கணமாகவே காட்டுகின்றனர். உள்ளமைப்பு வெளிப்பட்டால் பிறருடைய நிரல்கள் அதனைச் சார்ந்துவிடும், பின்னர் மாற்றுதல் அரிது.

ஆக்கிகள் மறைக்கப்பட்ட வகைக்கு, வெளியிலுள்ளோர் தாமே ஒப்பீட்டை வருவிக்க முயன்றால், ஆக்கிகள் கண்ணுக்குத் தெரியவில்லை எனத் தொகுப்பி மறுத்துவிடும். தடையாகத் தோன்றும் இம்மறுப்பு காவலேயாகும். அந்நிகழ்வுரு தேவையெனின், ஆக்கிகளை வெளிவிடுமாறு கேளாது, அந்நிரற்கூற்றை எழுதியோரிடமே அதனைக் கேட்டுப்பெறுதல் முறை.