ராஜகிரியின் வெந்நீரும் நாளந்தாவின் செங்கல்லும்

கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் தரும்போது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் என் தந்தை கேட்டார்: "அடுப்பு இல்லாம தண்ணி எப்படிடா சுடும்?" எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் சொல்ல இயலவில்லை.

பீகார் மாநிலம் ராஜகிரியில், வைபாரக் குன்றின் அடிவாரத்தில் உள்ளது பிரம்மகுண்டம். நீரின் வெப்பம் ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ். பாதம் வைத்தவுடன் நான் இழுத்துக்கொண்டேன். முதியவர்களோ கழுத்தளவு நீரில் சுகமாக அமர்ந்திருந்தனர்! அடியில் எரிமலை ஏதுமில்லை, நண்பர்களே. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. பூமிக்குள் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை வெப்பம் கூடுகிறது. அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலேறுகிறது. மெல்ல ஏறினால் வழியிலேயே ஆறிவிடும்.

குன்றுகளின்மேல் சாந்தின்றிப் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய பழைய மகதத் தலைநகரின் மதிலையும் கண்டோம். ஆனால் நான் நெடுநேரம் நின்றது, அருகிலுள்ள நாளந்தாவின் செங்கல் இடிபாடுகளில். அங்கே ஆசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று, 7ஆம் நூற்றாண்டில் அங்குப் பயின்ற யுவான் சுவாங் எழுதியுள்ளார். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் நம் காஞ்சி! துறவியர் தங்கிய அறைகள் எங்கள் ஆவடி வீட்டுச் சமையலறை அளவுதான்.

திரும்பியதும் தந்தையிடம் விளக்கினேன். சற்று யோசித்தார்.

"அப்ப நம்ம ஆவடிக்குக் கீழேயும் சூடு இருக்குமா?"

"இருக்கும்பா. தண்ணி அவ்வளவு ஆழம் போய் வரத்தான் வழியில்லை."