ஹோகனின் ஐந்து பாடங்களும் கண்டு கற்கும் நெறியும்

தொழிலாயினும் கலையாயினும் வல்லார் ஒருவரைக் கண்டு கற்றல் உலகெங்கும் உள்ள வழக்கமாகும். மதரசாவில் ஓதப் பழகும் சிறார் உஸ்தாதின் உதட்டசைவிலேயே கண்ணாக இருப்பர். எழுத்தின் ஒலிப்பிடம் விளக்கத்தால் மட்டும் வருவதன்று, பார்த்துப் படிவது. ஆயினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. வல்லாரிடம் காண்பன யாவும் அக்கலைக்கே பொதுவானவையா, அன்றி அவருடைய உடற்கும் குறைக்கும் மட்டுமே உரியவையா எனப் பிரித்தறியாவிடின் கற்றதே கேடாக முடியும். இதற்குத் தெளிவான சான்று, நம் வகுப்பறைகளில் மிகுதியும் பேசப்படாத கோல்ஃப் ஆட்டத்தில் கிடைக்கின்றது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பென் ஹோகனின் மட்டைவீச்சைப் பிறர் கற்ற வரலாற்றையே ஈண்டு ஆராய்கின்றோம்.

ஆட்டமும் ஆசிரியரும்

புல்வெளியில் வைத்த சிறு பந்தை மட்டையால் அடித்து, நூற்றுக்கணக்கான கெஜத் தொலைவிலுள்ள குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் வீழ்த்துவதே கோல்ஃப். ஒரு வீச்சு முடிய இரண்டு நொடியும் ஆவதில்லை. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அந்நேரத்தில் மட்டைமுகம் எத்திசை நோக்கியிருந்தது என்பதே பந்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இத்துணை விரைவில் நிகழ்வதை வெறுங்கண்ணால் பார்த்துக் கற்பது எளிதன்று.

ஹோகன் 1912 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஃபோர்ட் வொர்த் நகரின் ஆட்டத்திடலில் மட்டைப்பை சுமக்கும் சிறுவனாக இவ்வாட்டத்தை அறிந்தார். 1930 ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரரானார். எனினும் தனியாட்டத்தில் முதல் வெற்றி 1940 இல் தான் கிட்டியது. இடைப்பட்ட பத்தாண்டும் வறுமையோடும் தம் வீச்சின் குறையோடும் போராடிய காலம். 1949 பிப்ரவரியில் அவர் ஓட்டிச் சென்ற கார் மீது பேருந்து மோதியது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் எலும்பு முறிந்தன. மீண்டும் நடப்பாரா என்றே ஐயுற்றனர். மறு ஆண்டே, 1950 இல், கட்டுப்போட்ட கால்களுடன் மெரியன் திடலில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அவர் பெற்ற ஒன்பது பெரும் பட்டங்களுள் ஆறு விபத்துக்குப் பின்னர் வந்தவை.

நோயும் மருந்தும்

அவ்வளவு காலம் அவரை வாட்டிய குறை யாது? வலக்கை ஆட்டக்காரரின் மட்டைமுகம், வீச்சின் பாதையை நோக்க இடப்புறமாகத் திரும்பி மூடியிருப்பின், பந்து பறக்கும்போதே இடப்புறம் வளைந்தோடும். இதனை 'ஹூக்' என்பர். ஹோகனின் பந்து இவ்வாறே கட்டுக்கடங்காமல் வளைந்தது. அவர் கண்ட மருந்து இரண்டு பகுதிகளை உடையது. இடக்கையின் பிடியைச் சற்றே இடப்புறமாகத் திருப்பி, கட்டைவிரல் மட்டைக்கம்பின் மேற்புறம் அமையுமாறு செய்தார். பின்வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடித்தார். இவ்விரண்டும் மட்டைமுகத்தைத் திறந்து வைப்பன. இனி எவ்வளவு வலிமையாக அடிப்பினும் பந்து இடப்புறம் வளையாது.

1955 இல் 'லைஃப்' இதழில் இம்மறைபொருளை அவர் வெளியிட்டார். ஓய்வுநாளில் ஆடுவோர்க்கு இது பயன்படாது என்றும், குறையுடன் ஆடுவோரைக் கெடுத்தேவிடும் என்றும் அவரே அப்போது எச்சரித்தார். மருந்தோடு பத்தியமும் சொன்ன மருத்துவர் எனலாம்! ஆனால் கேட்டார் எத்துணைப் பேர்? பொதுவாகப் புதிதாக ஆடுவோரின் பந்து வலப்புறமே வளையும். அவர்களுடைய மட்டைமுகம் முன்பே திறந்திருப்பது. அவர்கள் ஹோகனின் பிடியையும் மணிக்கட்டு மடிப்பையும் பின்பற்றினால் முகம் மேலும் திறக்கும்; நோய் முற்றும். உலகின் மிகச் சிறந்த வீச்சைப் பிசகாமல் நகல் செய்தும் ஆட்டம் கெட்டது ஏன் என்று விளங்காமல் அவர்கள் திகைப்பர்.

பவணந்தியாரின் நன்னூல் மாணாக்கரை எட்டு உவமைகளால் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அங்கே இடைப்பட்ட இடமே. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமே தலைமாணாக்கர்க்கு உவமை. ஹோகனைக் கற்பார்க்கும் இப்பாகுபாடு பொருந்துகின்றது.

பாலாவன யாவை?

1957 இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் தொடராக வந்து, அவ்வாண்டே நூலாகிய 'ஐந்து பாடங்கள்' இதற்கு விடை தருகின்றது. எழுத்தில் துணை நின்றவர் ஹெர்பர்ட் வாரன் விண்ட். படம் வரைந்தவர் அந்தோணி ரேவியெல்லி. படங்களின் சிறப்பைத் தனியே சொல்லவேண்டும். புகைப்படம் கண்டதையெல்லாம் காட்டும். இவரது கோட்டுப் படமோ காணவேண்டிய தசையையும் மூட்டையும் மட்டுமே காட்டுகின்றது.

அவற்றுள் புகழ்பெற்றது கண்ணாடிப் பலகை. பந்திலிருந்து சாய்வாக மேலெழுந்து ஆட்டக்காரரின் தோள்மீது படியும் ஒரு கண்ணாடியை அவர் கற்பிக்கின்றார். தலை அதிலுள்ள துளையின் வழியே வெளியே நிற்கும். பின்வீச்சில் கைகள் அக்கண்ணாடியை உடைக்காமல் அதன் கீழேயே செல்லவேண்டும். இச்சாய்வு ஆளுக்கு ஆள் வேறுபடும். நெட்டையர்க்கு நிமிர்ந்தும் குட்டையர்க்குப் படுத்தும் இருக்கும். ஆகவே கற்பவர் கொள்ளவேண்டியது ஹோகனின் சாய்வை அன்று. தம் தோளுக்கு உரிய சாய்வையே.

மற்றொன்று, கீழ்வீச்சைத் தொடங்குவது கையன்று, இடுப்பு என்பது. இடது இடுப்பில் நீள்நாடா ஒன்றைக் கட்டிப் பின்சுவரோடு பிணைத்தாற்போல் இடுப்பு முதலில் திரும்ப, தோளும் கையும் மட்டையும் தொடர்கின்றன. நம் கருத்தில் நூல் முழுவதிலும் யாவர்க்கும் பயன்படும் பாடம் இதுவே. வலப்புறம் வளைவதைத் தடுக்க எண்ணித் தோளையும் கையையும் முந்திச் செலுத்துவோர் பந்தைக் குறுக்கே வெட்டி மேலும் வளைப்பர். மூன்றாவது, வீச்சுக்கு முன் மட்டையைச் சிறிதே அசைக்கும் அசைவு. புதியோர் இதனைப் பதற்றமென்று எண்ணுவர். ஹோகனோ இதனை வரவிருக்கும் வீச்சின் ஒத்திகை என்கின்றார்.

இந்நாளில் நிகழ்படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பார்க்கும் கோணம் இன்றியமையாதது. கண்ணாடிச் சாய்வை அறியப் பந்து செல்லும் கோட்டின் பின்னிருந்து எடுத்த படமும், இடுப்பை அறிய நேர் எதிரிலிருந்து எடுத்த படமும் வேண்டும். கோணம் சிறிது மாறினும் சாய்வு பொய்யாகத் தோன்றும். கண் இயல்பாகவே மட்டையின் நுனியோடு ஓடும். அதனை அடக்கி இடுப்பின் மீது நிறுத்துவதே முதற்பயிற்சி.

இவ்வாறு கற்றார் ஒருவர் உளர். வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பிய லாரி நெல்சன், 21 வயது வரை கோல்ஃப் ஆடியதில்லை. ஹோகனின் இந்நூலைக் கொண்டே வீச்சைக் கற்றார். முதல் ஆட்டத்திலேயே 100 அடிகளுக்குள் முடித்தார். ஒன்பது மாதத்திற்குள் 70க்கும் கீழ் வந்தார். 1981 இலும் 1987 இலும் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றார். 1983 அமெரிக்க ஓப்பனில், கடினத்திற்குப் பெயர்பெற்ற ஓக்மான்ட் திடலில், இறுதி இரண்டு சுற்றுகளை 65, 67 அடிகளில் முடித்து, ஓர் அடி வேறுபாட்டில் டாம் வாட்சனை வென்றார்.