வீட்டு சர்வர் அனுப்பின மெயில் எங்கே போச்சு?

போன செமஸ்டர்ல, ப்ராஜெக்ட் ஃபைல்களைத் தினமும் ராத்திரி பேக்கப் எடுக்க வீட்ல ஒரு ராஸ்பெர்ரி பை வச்சிருந்தேன். பேக்கப் நின்னுபோனா அது எனக்கு மெயில் அனுப்பணும். மெயில் எதுவும் வரலை, அதனால எல்லாம் சரியா ஓடுதுன்னு நம்பிட்டேன். ரிவியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி லேப்டாப் படுத்துடுச்சு. பையைத் திறந்து பார்த்தா, பென் டிரைவ் நிரம்பி மூணு நாளா பேக்கப்பே இல்ல! எச்சரிக்கை மெயில் மூணும் போஸ்ட்ஃபிக்ஸ் கியூவுல தூங்கிட்டு இருந்துச்சு.

ஏன் போகலை? சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறுவது போர்ட் 25 வழியாக. ஸ்பேமைத் தடுக்க, பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இதை மூடிவிடுகின்றன. திறந்திருந்தாலும், அடிக்கடி மாறும் வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய மெயில் சேவைகள் நம்புவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் விட்டுவிட்டு முயற்சி செய்யும். வேறு எதுவும் மாற்றாவிட்டால் 5 நாளில் கைவிட்டுவிடும்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

1. முதல்ல பெயர். ஹோஸ்ட்நேமை மாத்தினா, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 வரியிலும் அதே பெயரைப் போடுங்க. மறந்தா, ஒவ்வொரு சூடோ கமாண்டுக்கும் ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியலைன்னு புலம்பும்.

2. ரவுட்டரில் பைக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்குங்க. அவாஹி ஓடினா, மத்த கம்ப்யூட்டர்ல இருந்து பெயரோட ‘டாட் லோக்கல்’ சேர்த்தே கூப்பிடலாம்.

3. போஸ்ட்ஃபிக்ஸில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற இடத்தில் உங்கள் மெயில் சேவையின் சர்வரையும் போர்ட் 587-ஐயும் கொடுங்க. நம்ம மெயிலை அது வாங்கி, தன் பெயரில் அனுப்பிவைக்கும். டிஎல்எஸ் கட்டாயம். ஜிமெயில்னா வழக்கமான பாஸ்வேர்ட் வேலை செய்யாது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும். அந்த ஃபைலை ரூட் மட்டும் படிக்கிற மாதிரி பர்மிஷன் 600 வையுங்க.

4. ஒரு சோதனை மெயில் அனுப்பி, ‘மெயில்க்யூ’ கமாண்டில் கியூ காலியா இருக்கான்னு பாருங்க. இன்பாக்ஸையும் ஸ்பேமையும் பார்த்துடுங்க.

இப்போ என் பை, பேக்கப் நல்லபடியா முடிஞ்சாலும் தினமும் ஒரு மெயில் போடுது. ஒரு நாள் அது வரலைன்னா, அன்னிக்கே போய்ப் பார்ப்பேன். சத்தம் வராததை நல்ல செய்தின்னு எடுத்துக்கிட்டதுதான் நான் பண்ண தப்பு. அந்த மூணு நாள் கோடை ரெண்டு ராத்திரி முழிச்சு திரும்ப எழுதினேன். நீங்க எழுத வேண்டாம்!