வடிகால் அடைப்பை எடுக்கும் காசு

அன்புள்ள தம்பிக்கு,

பென்சில்வேனியா மாநிலப் போக்குவரத்துத் துறையில், அதுவும் பாலப் பராமரிப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. பிட்ஸ்பர்க் ஃபெர்ன் ஹாலோ பாலத்தின் விசாரணை அறிக்கையை முதலில் படித்துவிடு.

2022 ஜனவரி 28 விடியலில் அந்தப் பாலம் பள்ளத்தில் விழுந்தது. மேலே ஒரு நகரப் பேருந்தும் சில கார்களும் இருந்தன. நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை. பெயின்ட் அடிக்காத எஃகுப் பாலம் அது. மேலே படியும் துருவே அதற்குக் காப்பு. ஆனால் ஈரம் காய்ந்தால்தான் அந்தக் காப்பு நிற்கும். வடிகால்கள் அடைத்து, தண்ணீரும் குப்பையும் பாலத்தின் கால்களில் தேங்கி, எஃகு அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்தது. சுத்தம் செய்யுங்கள் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். பாலத்துக்குச் சொந்தக்காரரான நகராட்சி செய்யவில்லை. விழுந்த பிறகு ஒன்றிய அரசு சுமார் 2.5 கோடி டாலர் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதுப் பாலம் திறந்தாயிற்று. அடைப்பை எடுக்கக் கிடைக்காத பணம் இது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993 முதல் அதே அளவுதான். விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரைகிறது. மாநிலம் 2013இல் தன் எரிபொருள் வரியை உயர்த்தியது. ஆனால் மாநில அரசியலமைப்பின்படி அந்த வரியைச் சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே செலவிடலாம். பேருந்துக்கும் ரயிலுக்கும் தொட முடியாது. 2025இல் பிலடெல்பியாவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான செப்டா பணம் போதாமல் சேவைகளைக் குறைத்தது. பிறகு, பழுதுக்கும் புதுப்பித்தலுக்கும் வைத்த மூலதன நிதியை எடுத்து வண்டிகளை ஓட்ட மாநிலம் அனுமதித்தது. 1970களில் வாங்கிய அதன் ரயில் பெட்டிகள் தீப்பிடித்ததும் அதே ஆண்டுதான். வண்டி நிற்கக் கூடாது என்பது சரி. ஆனால் எடுத்த தொகை திரும்ப வரும் தேதியும் அந்த அனுமதியிலேயே இருந்திருக்க வேண்டும் என்பேன்.

உன் கையில் இருப்பது மதிப்பீடு எழுதும் வேலை. சுத்தம் செய்யும் செலவைப் ‘பொதுப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் புதைக்காதே; முதலில் வெட்டுப்படுவது அதுதான். பாலத்தின் பெயரோடு தனி வரியாக எழுது. எத்தனையாவது முறையாகக் கேட்கிறோம் என்பதையும் பக்கத்தில் குறி. மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கு. குளிர் முடிந்ததும் சாலை உப்பைக் கழுவும் பருவம் வரும். அதற்கான ஆள்கூலிக் கணக்கை இப்போதே தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்